தவிட்டுக்கு வாங்கிய நாய்

2002-ஆம் ஆண்டு கோடை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு, திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் மெஷின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதப் பயிற்சிக்கு என்னைக் கோயம்புத்தூர் அனுப்புவதாகச் சொன்னார்கள். போய்வந்தால் வேலை நிரந்தரம்.

ஆனால் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா இல்லை. அதற்குச் சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு கடும் காய்ச்சலில் அம்மாவுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. அந்தக் கோடையில்தான், அம்மா அடுப்படியில் இருந்தபோது எவனோ ஒருவன் முன்கதவு வழியாக வந்து, கூடத்தில் அடுப்படியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனான். வேர்க்கிறதே என்று அம்மா திரும்பிப் பார்த்தபோதுதான் ஃபேன் இல்லாதது தெரிந்தது.

நெய்க்காரப்பட்டியில் இருக்கும் மாமா, "வீட்டைப் பூட்டிப்போட்டுட்டு அக்காவ இங்க கொண்டாந்து விட்டுரு கண்ணு" என்றார். அம்மா மறுத்துவிட்டார். "விருந்தும் மருந்தும் மூணு நாளுக்குத்தான்டி. ஆறு மாசம் இருந்தா அதுக்கு என்ன பேரு?"

நான் சும்மா இருக்கவில்லை. வாசல் மணியை அழுத்தினால் அடுப்படியில் ஒரு சிவப்பு பல்பு மின்னுகிற மாதிரி ஒன்றைச் செய்து மாட்டினேன். நன்றாகத்தான் வேலை செய்தது, கரண்ட் இருக்கும்வரை. அந்த வருடம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. "எனக்குக் காது போச்சு, ஒன் பல்புக்குக் கண்ணு போச்சு. ரெண்டு பேரும் சேந்து வீட்டைப் பாத்துக்கிறோம், நீ போயிட்டு வா" என்று அம்மா கேலி செய்தார். கேலிதான். ஆனால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? பயிற்சிக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கரண்ட் தேவைப்படாத மணி ஏதாவது உண்டா என்று யோசித்தபோதுதான் நாய் ஞாபகம் வந்தது. என் வழக்கப்படி தேவைகளை வரிசைப்படுத்தினேன். நாய் சின்னதாக இருக்க வேண்டும். அது எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் போட்ட நிபந்தனை. சத்தமாகக் குரைக்க வேண்டும். என் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை. அப்போது எல்லோரும் ஆசைப்பட்ட பொமரேனியன் குட்டி, என் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டது. பேகம்பூரில் ஒரு பாய், வீட்டில் வளர்க்க இடமில்லை என்று தன் நாயைத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். போனால், அவருடைய மகள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறாள். "மாஃப் பண்ணும்மா. இதைக் குடுத்தா இவளையும் சேத்துக் குடுக்கணும் போல" என்றார் அவர். டீ குடித்துவிட்டு வந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒருவர் "சின்னச் சாதிங்க" என்று ஒரு குட்டியைக் கையில் வைத்துக் காட்டினார். கொல்லையில் அதன் தாய் கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றது. அதைக் காட்டிக் கேட்டதற்கு, "ஏனுங்க, இப்ப குட்டி சின்னதுதானுங்களே!" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கடைசியில் மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டில் ஒரு குட்டை நாய் இருப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன்.

நாய் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. வளர்ந்த நாய், ஆனால் பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருந்தது. எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நாய்க்கு யாரும் காசு வாங்குவாகளாத்தா? தவிட்டுக்குத்தான் குடுப்போம். ஒரு படி தவிடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நாள் அலைந்தது இதற்கா! இப்போதே கடையில் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீயா சோறு போடப் போற? நீதான் கோயம்புத்தூருக்குப் போறேங்கிறியே. சோறு போடுறவுக கையால அளந்து குடுக்கணும். ஒங்கம்மாவக் கூட்டிட்டு வா."

அம்மாவால் வர முடியாது என்று காரணத்தையும் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மசியவில்லை. முன்பு ஒரு குட்டியைச் சும்மா கொடுத்தாராம். கொண்டுபோனவர்கள் அதை நாலு நாளில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டார்களாம். "சும்மா வந்தது சும்மாவே போயிரும்த்தா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் காய் ஆய ஆரம்பித்துவிட்டார்.

அம்மா பஸ் ஏறி வெகுநாள் ஆகியிருந்தது. ஒருமுறை கண்டக்டர் பலதடவை கூப்பிட்டும் கேட்காமல் உட்கார்ந்திருக்க, அவர் தோளைத் தட்டிக் கத்த, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அன்றோடு அம்மா தெருமுனையைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். கோயிலுக்குக்கூட வருவதில்லை, வீட்டிலேயே ஜெபமாலை சொல்லிக்கொள்வார். அதனால் வீட்டுக்கு வந்ததும், நாய் கிடைக்கவில்லை என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கதையையே ஆரம்பித்தேன்.

'தவிடு' என்று என் உதடு சொன்னதும் அம்மா முகம் மாறியது. "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன்.

"என்னையும் தவிட்டுக்குத்தான்டி வாங்குனாக."

எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லையாம். மூன்றாவதாகப் பிறந்த அம்மாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தவிடு அளந்து கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். விலைக்கு வாங்கிய பிள்ளையைச் சாவு தொடாது என்று நம்பிக்கை. "என் வெலதான் அதுக்கும். நாளைக்கு லீவு போடு, போவோம்" என்றார் அம்மா.

மறுநாள் பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரத்தில், மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்ததும் நான் பேச வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி "குஜிலியம்பாறை ரெண்டு" என்றார். கண்டக்டர் பையைப் பார்த்து, "என்னம்மா, லக்கேஜா?" என்றார். அம்மா அவருடைய உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாயோட வெல."

இந்த முறையும் பஸ் சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

படி நிறையத் தவிடு அளந்து, அதைத் தன் கையாலேயே முறத்தில் கொட்டினார் அம்மா. அந்த அக்கா நாயைத் தூக்கி அம்மா மடியில் வைத்தார். அது ஒரு சத்தமும் போடவில்லை. வீட்டுக்கு வந்தும் போடவில்லை. பால்காரர் வந்தாலும் பேசாமல் பார்த்தது. என் தேவைகளில் முக்கியமானதே இல்லாத நாய்! அம்மாவிடம் புலம்பினேன். "அது குரைச்சா மட்டும் எனக்குக் கேக்கவா போகுது?" என்றார். நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

பயிற்சிக்குப் போகலாமா, வேண்டாமா என்று பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு மதியம் வேலை முடிந்து வந்தேன். கரண்ட் இல்லை. கதவைத் தட்டிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். நாய் ஓடிவந்து கதவிடுக்கில் மோந்தது. திரும்பி அடுப்படிக்கு ஓடியது. அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் முந்தானையைப் பல்லால் கவ்வி இழுத்தது. "வாரேன், வாரேன்" என்று அம்மா எழுந்து வந்து கதவைத் திறந்தார். "எதுக்குடி வாசல்லயே உக்காந்திருக்க?" என்று கேட்டார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் விட்ட மூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கோயம்புத்தூர் போய்ப் பயிற்சியை முடித்துவிட்டு வந்தேன். நாய்க்கு அம்மா வைத்த பெயர் தவிடு. அதைக் கையில் தூக்கிக்கொண்டு அம்மா அதன்பிறகு மார்க்கெட்டுக்கும் போனார், நெய்க்காரப்பட்டிக்கும் போனார், மூன்று நாள் மட்டும். அன்று அந்த அக்கா மனமிரங்கி நாயை என் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். நாய் வீட்டுக்கு வந்திருக்கும், அம்மா வெளியே வந்திருக்க மாட்டார்.