இரண்டாம் மாடியில் மதியச் சாப்பாடு

முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்குப் பெரும்பாலும் வாய்களோடுதான் வேலை. காலையில் கிண்ணங்களில் ஊறும் பல்செட்டுகளைக் கழுவி, எது யாருடையது என்று பார்த்துப் பொருத்துவாள். சொந்தப் பல் உள்ளவர்களுக்குப் பிரஷ். மதியம் மசித்த உணவு ஊட்ட வேண்டும். பிறகு விரலில் ஈரத்துணியைச் சுற்றி, கன்னத்துக்குள் ஒதுங்கியதை வழித்தெடுக்க வேண்டும். சிலர் கடித்துவிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே.

தன் பல்லைத்தான் கவனிக்க முடியவில்லை. இரட்டை ஷிப்டில் கண் சொக்காமலிருக்க, சர்க்கரை தூக்கலாக டீயும் பிஸ்கட்டும். வீட்டுக்குப் போனதும் காவல் வேலைக்குக் கிளம்பும் கணவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். உடுத்திய துணியோடு சாய்ந்தால் விடிந்துவிடும். முன்பல் இரண்டும் கறுத்தன. ஒன்று பாதியில் உடைந்தது. தம்பி கல்யாணத்தில் வாயை இறுக மூடிக்கொண்டே நின்றாள். "உங்கக்கா யாருக்கும் முகமே கொடுக்கல" என்று தம்பி மனைவிக்கு இன்னும் மனத்தாங்கல். அதன்பின் வேலையில் முகக்கவசம் போட ஆரம்பித்தாள். சளி என்றாள். மாதங்கள் போயும் சளி விடவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். மறதி நோய். பெற்ற மகனை மறந்தவர், கரண்டியைக் கண்டால் வாய் திறக்க வேண்டும் என்பதையும் மறந்துவிட்டார். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து காட்டினால் திறப்பார். மற்றவர்கள் அவசரத்தில் கரண்டியை உதட்டில் இடிப்பார்கள். அவள் மட்டும்தான் உட்கார்ந்து, "ஆ" காட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். முகக்கவசம் வந்த பிறகு அவருக்கு அந்த வாய் தெரியவில்லை. சாப்பாடு குறைந்தது. தோள்பட்டை துருத்தியது. காரணம் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அன்று காலை நர்ஸ் சொன்னாள்: "டிரைவர் ஐயாவுக்கு மதியமும் சாப்பாடு இறங்கலேன்னா மூக்குல டியூப் போடச் சொல்லிட்டாரு டாக்டர்."

டியூப் போட்டவர்கள் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். கட்டுவதும் அவள் வேலைதான்.

அன்றைக்கே கீழ்க்கூடத்தில் ஊழியர்களுக்குப் பல் பரிசோதனை. கூட வேலை செய்யும் பெண் மூச்சிரைக்க மேலே ஓடிவந்தாள்.

"அக்கா, வாங்க. ஊர்ப்பட்ட பல்லையெல்லாம் தேய்ச்சாச்சு. நம்ம பல்லையும் ஒருத்தர் பாக்க வந்திருக்காரு."

"நீ போம்மா. எனக்கு வேல கெடக்கு."

"எப்பவுமே இதே பாட்டு. மாஸ்க்குக்குள்ள என்னக்கா, தங்கப்பல்லா?"

"ஆமா. பாத்தா களவாண்டுருவ. போடி."

மதியம் கிண்ணத்தோடு டிரைவர் அருகில் உட்கார்ந்தாள். கரண்டி உதட்டருகே போனது. அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஐயா, ஆ." உதடு ஒட்டியே இருந்தது. மறுபடியும் சொன்னாள். உணவில் ஆடை படிந்தது. அவருடைய கைகள் போர்வை மேல் கிடந்தன, மெலிந்து, நரம்போடு.

கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடிவிட்டு முகக்கவசத்தைக் கழற்றினாள். வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

அவர் பார்த்தார். வெகுநேரம் அந்த உடைந்த பல்லையே பார்த்தார்.

"இந்த வண்டி ஓடாது. ஷெட்டுக்கு விடு" என்றார்.

"விடுறேன் ஐயா. நீங்க ஆ காட்டுங்க."

திறந்தார். ஒரு வாய், பிறகு இன்னொன்று. பாதிக் கிண்ணம் ஆனபோது நர்ஸ் திரையை விலக்கினாள். கூடவே அந்தப் பெண்ணும். ஊட்டிக்கொண்டிருந்தவளின் கை முகக்கவசத்துக்குப் போனது. அவர் உதடு மூட ஆரம்பித்தது. கையை இறக்கிக்கொண்டு, இருவர் முன்னாலும் மறுபடி வாயைத் திறந்தாள்.

நர்ஸ் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"இறங்குதே! அப்ப டியூப் இன்னிக்கு வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பல் டாக்டர் இன்னும் கீழதான் இருக்காரு" என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் அவர் வாயைத் துடைத்துவிட்டுக் கீழே போனாள். முன்பல் இரண்டையும் எடுக்க வேண்டும், வீக்கம் வடிந்து வாயைப் பெரிதாகத் திறக்க நாலைந்து நாளாகும் என்றார் பல் டாக்டர். கூட வந்திருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் அவருக்கு நீதான் ஊட்டணும். நின்னுக்கிட்டு ஊட்டாத. உக்காந்து, வாயைத் திறந்து காட்டு. எங்கே, காட்டு பாப்போம்."

அந்தப் பெண் கூச்சத்தோடு திறந்தாள்.

"இன்னும் பெருசா."