சர்க்கரையை விட்டவர்கள்

அக்கா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே எம்.ஏ.வுக்குத் தனியாகப் படித்தாள். அதே பள்ளியில் வேலை பார்த்த ஒருவரும் அந்தப் பரீட்சைக்குப் படித்தார். குன்றத்தூர்ப் பக்கத்துக் கிராமம். எங்களைப் போலவே கிறிஸ்தவர்தான். ஆனால் அவர் குடும்பம் ஊருக்கு வெளியே காலனியில் இருந்தது.

அறுபத்தெட்டில் சனிக்கிழமைதோறும் மதியம் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். முன் அறையில் இருவரும் அமெரிக்க வரலாறு படிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே எழுந்த சீர்திருத்த இயக்கங்கள்தான் அக்காவுக்குப் பிடித்த பாடம். மக்களைப் பக்திக்குத் திருப்பக் கூடாரம் போட்டு நடந்த எழுப்புதல் கூட்டங்கள், குடிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள், அடிமை முறையை எதிர்த்து மேடையேறி, பெண் பேசலாமா என்று ஏச்சு வாங்கியவர்கள். ரயில்வே ஆபீசிலிருந்து அரை நாளில் திரும்பிய அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அடிமைகள் உழைப்பில் வந்தது என்பதால் சில குடும்பங்கள் சர்க்கரையையே தொடவில்லை என்று அக்காவுடன் படிப்பவர் வாசித்துக் காட்டியபோது அப்பாவுக்குக் கண் கலங்கியது. மறுநாள் சபையில் பைபிள் வகுப்பில் அதையே சொன்னார். பலர் தலையாட்டினார்கள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் தன் அண்ணனுடன் வந்து பெண் கேட்டார். அப்பா மரியாதையாகக் காபி கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். அவர்கள் தெரு திரும்பும் வரை வாசலில் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தார்.

"அவங்க வீட்ல போய் நம்மால கை நனைக்க முடியுமாம்மா?" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப சபையில பேசினீங்களே, அது யாருக்குப்பா?"

"அது அமெரிக்கா. இது நம்ம குடும்பம். பின்னால இன்னொருத்தி இருக்கா, அவளுக்கு யார் வருவாங்க?"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அக்காவும் என்னைப் பார்த்தாள். எனக்குப் பதினேழு வயது. பெண் கேட்டு வந்தவர் நல்லவர் என்று தெரியும். அவர் வரும் நாட்களில் அக்கா முகம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் அந்த நிமிடம் என் கல்யாணத்தைத்தான் நினைத்தேன். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முடியாது என்று அப்பா சொல்லியனுப்பியதும் அவர் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டார். பரீட்சை ஹாலில் அக்காவுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாராம். அந்தச் சீர்திருத்தக் கேள்வியும் வந்திருந்தது. அமெரிக்காவில் சபைகளே அடிமைப் பிரச்சினையில் இரண்டாகப் பிளந்ததைப் பற்றி எழுத ஆரம்பித்தவள் பாதியில் பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அந்தத் தாளில் தோற்றாள். மறுமுறை எழுதித்தான் தேறினாள். அதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அதன் பிறகு வந்த எந்த வரனுக்கும் அவள் சம்மதிக்கவில்லை.

எழுபத்துமூன்றில் எனக்குக் கல்யாணம். அப்பா விரும்பிய மாதிரியே எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை. அன்று காலை அக்காதான் எனக்கு முக்காடு வைத்துப் பின் குத்தினாள். கோபம் துளியும் இல்லாத குரலில் சொன்னாள்: "அன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அப்பா மாறியிருக்க மாட்டார். ஆனா நான் தனியா நின்னிருக்க மாட்டேன்."

கார் வந்துவிட்டது என்று வெளியிலிருந்து அம்மா கூப்பிட்டார். அக்கா பூச்செண்டை என் கையில் கொடுத்து, முக்காட்டின் மடிப்பை நீவிவிட்டு, முன்னால் நடந்தாள்.

அடுத்த வருஷம் பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டுப் போர்ஷனை வாடகைக்கு எடுத்துத் தனியாகப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவாள். அப்பா ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள். அவளாக அவரிடம் எதுவும் பேசியதில்லை.