ஊத்துக்குளிக்கு ஓர் அரை டிக்கெட்

என் பேரனை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். அந்த அம்மையார் நெடுநேரம் கேள்விகள் கேட்டார். பையன் ஓசைகளுக்கு அஞ்சுகிறானா, பொருள்களை வரிசையாக அடுக்குகிறானா, முகம் பார்த்துப் பேசுகிறானா, இல்லாத தோழன் எவனுடனேனும் விளையாடுகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். முடிவில் ஆட்டிசம் என்னும் சொல்லை மிகுந்த பரிவுடன் எங்கள்முன் வைத்துவிட்டு, குடும்பத்தில் வேறு யாரேனும் இப்படி இருந்ததுண்டா என்றார். மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பள்ளிப் பிள்ளையைப்போலக் கையை உயர்த்தினேன். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதுவரை எனக்காகவே மனத்துக்குள் விடை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு தோழன் இருந்தான். அறுபதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டின் பின்புறத்தில், ஓட்டுக்கூரையின் கீழ் நான்கு பின்னல் இயந்திரங்கள் ஓடின. அந்த நான்கையும் ஒரு பெயர்ப்பலகையையும் சேர்த்து அப்பா ‘பனியன் கம்பெனி’ என்று வழங்கினார். வட்டமாகச் சுழலும் அவ்வியந்திரங்களிலிருந்து துணி, தையலே இல்லாத நீண்ட குழாயாகக் கீழே இறங்கும். வெளுப்பதற்கு முன் அதன் நிறம் காய்ச்சிய பால்போல் இருக்கும். அதன் வாயை விரித்துத் தலையை நுழைத்தால், பகல் வெளிச்சம் வடிகட்டப்பட்டு எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக வரும். பின்னல் கண்கள் தெருக்களைப்போல வரிசை தவறாமல் சென்றுகொண்டே இருக்கும். துணிக்குள் இருந்த அந்த ஊரில் எவரும் உரக்கப் பேசுவதில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். எதிரில் வருபவர் கன்னத்தைக் கிள்ளுவதில்லை. அங்கேதான் அவனைக் கண்டேன். எனக்கு அடுத்த தெருவில் அவன் வீடு.

அவனுக்குப் பெயர் இல்லை. பெயர் தொலைவில் இருப்பவரைக் கூப்பிடுவதற்கு. அவன் எப்போதும் என் வலப்பக்கத்தில் இருந்தான். என் வயது, என் உயரம். ஒரே வேறுபாடு, அவனுக்கு அச்சமில்லை. நான் அஞ்சும் ஒவ்வொன்றையும் அவன் முதலில் செய்து பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்வான். முடிதிருத்தும் கடை, வெந்நீர்க் குளியல், புதுச்சட்டையின் கழுத்து எல்லாவற்றிலும் அவனே எனக்கு முன்னோடி. அம்மாவுக்கு அவனைப்பற்றி வருத்தம் இருந்ததாக அப்போது எனக்குத் தெரியவில்லை. தோசைக்கல் முன் அமர்ந்து கேலி செய்வார்.

“உன்ற கூட்டாளிக்கு ஒண்ணு சுடட்டுமா?”

“அவனுக்குத் தோசை புடிக்காதும்மா.”

“நல்லவேளை. புடிச்சிருந்தா நாந்தான இன்னொரு படி மாவாட்டோணும்!”

கேலி நின்றது பள்ளிக்கூடத்தால். பலகையில் அவனுக்கென்று நான் விட்டிருந்த இடத்தில் ஒரு நாள் வேறொரு மாணவன் வந்து அமர்ந்தான். எழுந்துவிடும்படி மூன்று முறை முறையாகச் சொன்னேன். நான்காவது முறை சிலேட்டால் சொன்னேன். தலைமையாசிரியர் அப்பாவை வரவழைத்து, காற்றோடு பேசுகிற பிள்ளையை வைத்துக்கொள்ள இயலாது, சரிசெய்து அழைத்து வருவதானால் வரலாம், இல்லையேல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கூறி அனுப்பினார்.

சரிசெய்யும் வழியைப் பெரியப்பா வைத்திருந்தார்.

“இது காத்துக்கருப்புத்தான் தம்பி. வர்ற அமாவாசைக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிப் பூசாரிகிட்ட உட்டா, சாட்டையில நாலு போடு போடுவாரு. ஓடீரும்.”

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. அப்பா மறுக்கவில்லை, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானோ அந்தத் திட்டத்தில் இருந்த பிழையை மட்டுமே கண்டேன். சாட்டை அவன்மேல் விழுந்தால் அவன் ஓடமாட்டான். என்மேல் விழுந்தாலும் ஓடமாட்டான். என்னை விட்டு ஓடுவது அவனுக்குத் தெரியாது. ஆகவே நாலோடு நிறுத்த வழியில்லை.

அப்போது குறுக்கே வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. முப்பது வயதைக் கடந்தும் மணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்து, இயந்திரங்களுக்கு ஊசி மாற்றும் வேலையைப் பார்த்துவந்தார். வட்டத்தில் உள்ள நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்று ஒடிந்தாலும் துணியில் நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். மற்றவர்கள் கோட்டைப் பார்த்த பிறகே ஊசியைத் தேடுவார்கள். ஒடிந்த நொடியிலேயே ஓசை மாறியதை அறிந்து தலை நிமிர்பவர்கள் அவ்வீட்டில் இருவரே இருந்தோம்: மாமாவும் நானும். அவர் அதிகம் பேசமாட்டார். பலகையில் உட்கார்ந்தால் ஓரத்தில்தான் உட்காருவார். தேநீர் கொடுத்தால் கூடவே ஒரு காலி டம்ளர் கேட்பார். ஆற்றிக் குடிப்பதற்கு என்று வீட்டார் கருதினார்கள்.

அன்று அவர் அப்பாவிடம் பேசியதை அம்மா பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

“மச்சான், ஒரு நாள் எனக்குக் குடுங்க. கோயிலுக்கு அப்பறம் போலாமுங்க.”

“நீங்க என்ன மந்திரவாதிங்களா மாப்பிள்ளை?”

“மந்திரமெல்லாம் இல்லீங்க. அந்தக் கூட்டாளிப் பையனை மூணு மணி பாஸஞ்சர்ல ஏத்தி அனுப்பி உட்டர்றேன். இவன் கண்ணால பாத்துட்டான்னா, போயிட்டான்னு மனசு ஒப்புக்கும்.”

“டிக்கெட்டோடயா, வித்தவுட்டா?” என்று அப்பா சிரித்தாராம். சிரித்தாலும் ஒரு நாளைக் கொடுத்தார்.

இந்தச் சூழ்ச்சி எதுவும் அறியாத என்னிடம் மாமா வந்து, கேட்க வேண்டிய முறையில் கேட்டார்.

“உன்ற கூட்டாளி ரயில்ல போயிருக்கானா கண்ணு?”

“இல்லீங்க மாமா.”

“ஊத்துக்குளி வரைக்கும் போறானான்னு கேட்டுச் சொல்லு.”

ரயிலைப்போல நான் அஞ்சியது வேறொன்றுமில்லை. என்றேனும் ஒரு நாள் அதில் ஏறத்தான் வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே அவன் முதலில் போய்வருவது இருவருக்கும் நல்லதாகவே பட்டது. அவன் ஒப்புக்கொண்டான்.

மறுநாள் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சன்னலின்முன் நின்றோம். எங்களுக்குப் பின்னால், வெண்ணெய் விற்றுவிட்டு வெறுந்தகரத்துடன் ஊத்துக்குளிக்குத் திரும்பும் ஒருவர் நின்றிருந்தார்.

“ஊத்துக்குளிக்கு ஒரு அரை டிக்கெட் குடுங்க” என்றார் மாமா.

எழுத்தர் குனிந்து என்னை நோக்கினார். “இத்தனூண்டுப் பையனைத் தனியாவா அனுப்பறீங்க?”

பொய்யான செய்தி ஒன்று நிலவுவதை என்னால் பொறுக்க இயலாது. “நான் போகலீங்க. இவன்தானுங்க போறான்” என்று வலப்பக்கம் காட்டினேன்.

எழுத்தர் சன்னலோடு முகத்தை வைத்து எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

“யாரு போனா என்னங்க, காசு குடுக்கறாங்கல்ல? சீக்கிரம் கிழிங்க சாமி, வண்டி வந்துரும்” என்றார் வெண்ணெய்க்காரர்.

எழுத்தர் ஓர் அட்டையை எடுத்து, அரை டிக்கெட்டுக்கு உரிய முறைப்படி அதன் ஓரத்தை வெட்டினார். மாமா கையை நீட்டினார். அப்போது நான் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, திரும்பி வர்றதுக்குங்க?”

அவர் நீட்டிய கையைச் சன்னல் விளிம்பில் வைத்தார். வெண்ணெய்க்காரர் தகரத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

“அங்கயே இருந்துக்கட்டுமே கண்ணு. நல்ல ஊரு. பாலும் வெண்ணெயுமா இருக்கும்” என்றார் மாமா.

“அவனுக்கு அங்க யாரையும் தெரியாதுங்களே மாமா.”

இதைச் சொன்னபோது நான் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. ரயில் தண்டவாளத்தின்மேல் ஓடும் என்பதைப்போல ஓர் உண்மையைச் சொன்னேன். மாமா சன்னல் விளிம்பில் வைத்த கையை எடுக்காமல் தம் இடப்பக்கம் திரும்பினார். அவருடைய உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. என்னிடம் பேசியதாகத் தெரியவில்லை. பிறகு எழுத்தரிடம் குனிந்து, “போக வரக் குடுத்துருங்க” என்றார்.

வண்டி வந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று காதுகளைப் பொத்திக்கொண்டேன். மாமா அவனை ஏற்றிவிட்டார். சன்னலோர இருக்கையில் டிக்கெட்டை வைத்தார். அருகில் அமர்ந்த வெண்ணெய்க்காரர் டிக்கெட்டைப் பார்த்தார், தூணுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். “நீங்க போங்க, நான் பாத்து எறக்கி உடறேன்” என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய இயலவில்லை. தள்ளி உட்கார்ந்தது மெய்.

வண்டி மறைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது: என் வலப்பக்கத்தில் எவரும் இல்லை. பிறந்ததுமுதல் போட்டிருந்த சட்டையைக் கழற்றியதுபோல் இருந்தது. சுமைதூக்குவோரின் கூச்சல், இஞ்சினின் நீராவி, கரிநெடி எல்லாம் ஒரேயடியாக என்மீது வந்து விழுந்தன. நான் தரையில் அமர்ந்து தலையை முழங்கால்களில் முட்டத் தொடங்கினேன். மக்கள் கூடினார்கள்.

மாமா என்னை அதட்டவில்லை, தொடவுமில்லை. தம் பையிலிருந்து ஒரு முழ நீளப் பனியன் துணிக்குழாயை எடுத்து என் தலைவழியே மாட்டிவிட்டார். உலகம் பாலின் நிறமாயிற்று. கூச்சல் ஒரு தெருவுக்கு அப்பால் போயிற்று. அந்தத் துணி புதியதன்று. பலமுறை துவைத்து மென்மையாகி, ஓரம் நைந்து, மாமாவின் வியர்வை மணம் ஏறியிருந்தது. வளர்ந்த ஒருவர் அப்படியொரு துணியை ஏன் பையில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நல்ல துணி என்று மட்டும் எண்ணினேன்.

நான் அமைதியடைந்து துணியைக் கழற்றியபின், மாமா என்னோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அவன் திரும்பி வருவான்; எங்களோடு வீட்டுக்கும் வருவான். ஆனால் இனி வீட்டிலும் பள்ளியிலும் அவனோடு வாய்திறந்து பேசக் கூடாது. பலகையில் அவனுக்கு இடம் விடவும் கூடாது.

“உள்ளுக்குள்ளயே பேசு கண்ணு. அவனுக்குக் கேக்கும்.”

“கேக்குமுங்களா?”

“நல்லாக் கேக்கும்.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

மாமா எழுந்து தேநீர்க் கடைக்குப் போனார். ஒரு தேநீர் வாங்கி, மூன்று டம்ளர்களில் பகிர்ந்து எடுத்துவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டார். மூன்றாவதை, நாங்கள் உட்கார்ந்த பலகையில் தமக்கு அப்பால் வைத்தார்.

“மாமா, ஒரு டம்ளர் அதிகமுங்க. அவன் இன்னும் வரலீங்களே.”

“அது அவனுக்கில்ல கண்ணு.”

“அப்ப யாருக்குங்க?”

“ஆறட்டும்” என்றார் மாமா.

ஐந்தரை மணி வண்டியில் அவன் வந்து இறங்கினான். ரயில் அப்படியொன்றும் மோசமில்லை என்றான். சன்னலோரம் காற்று நன்றாக வந்ததாம். வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும்படி மாமா வழியிலேயே சொல்லியிருந்தார்.

“ரயில்ல ஏறிப் போயிட்டானா?” என்றார் அப்பா.

“போனானுங்க” என்றேன்.

அம்மா என்னை அணைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அணைப்புப் பிடிக்காது. எனினும் அன்று பொறுத்துக்கொண்டேன். அமாவாசை வந்தது, போனது. கோயிலைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. பள்ளியில் பலகை நிறைய நெருக்கி உட்கார்ந்தேன். அவன் எனக்குள் குடிபுகுந்துகொண்டான். தலைமையாசிரியர் என் முதுகில் தட்டி, பையன் தேறிவிட்டான் என்றார். அவனைச் சுமந்துகொண்டே படித்தேன், பணிக்குப் போனேன், மணம் செய்துகொண்டேன். ஒரு மருத்துவர் கேட்கும் வரை அவனைப்பற்றி எவரிடமும் சொன்னதில்லை. மாமா கடைசிவரை தனியாகவே வாழ்ந்து மறைந்தார் என்று உறவினர் சொல்வார்கள்.

அன்று மாலை நிலையத்திலிருந்து ராயபுரத்துக்கு நடந்து வந்ததுதான் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. என் வலக்கையை அவன் பிடித்திருந்தான். என் இடக்கை மாமாவின் வலக்கையில் இருந்தது. மாமாவின் இடக்கையில் பை இல்லை. பையைத் தோளில் மாட்டியிருந்தார். ஆயினும் அந்தக் கையை அவர் வீசி நடக்கவில்லை. உடம்பிலிருந்து சற்று விலக்கி, விரல்களைச் சிறிது மடக்கி, கூட்டம் வந்த இடங்களில் மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார்.

ஊசி மாற்றி மாற்றி மாமாவுக்குக் கை வலிக்கிறதுபோலும் என்று நினைத்துக்கொண்டேன்.