பதினெட்டுக் காசு இந்தப் பக்கம், பதினெட்டுக் காசு அந்தப் பக்கம்

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவள். எழுத்து கோணல்மாணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருசமாக மகள் செல்வியோடு ஜெர்மனியில் இருக்கிறேன்.

இந்த ஊரில் நகை போடுவது வீண் வேலை. ஜாக்கெட்டு, சேலை, ஸ்வெட்டர், கோட்டு, அதற்கும் மேலே மப்ளர். இத்தனை துணிக்கு அடியில் என் காசுமாலை கிடக்கும். போட்டிருப்பது எனக்கும் அதுக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் உட்காருவதற்குள் நாலு பேராவது மாலையைக் கையில் ஏந்தி எடை பார்த்து, காசைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து, அதற்கப்புறம்தான் "நல்லாருக்கீங்களா" என்பார்கள். இங்கே வந்ததிலிருந்து என் கழுத்துப் பக்கம் ஒரு கை நீண்டதில்லை.

அதனால் போன தீபாவளி அன்றைக்கு மாலையைக் கோட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டு குப்பை கொட்டக் கீழே இறங்கினேன். பக்கத்து வீட்டு ஹெல்கா நின்றிருந்தாள். அவளுக்கும் என் வயசுதான் இருக்கும். மாலையைப் பார்த்துக் கண் விரிந்து, ஒரு காசை விரலால் சுண்டி, "ஷோகோலாடெ?" என்றாள். அவர்கள் பேச்சில் எனக்குத் தைரியமாக வருவது ஆமாம் என்கிற 'யா' ஒன்றுதான். "யா" என்றேன். சிரித்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். மறுநாள் எங்கள் கதவில் ஒரு வலைப்பை தொங்கியது. உள்ளே தங்கத்தாள் சுற்றின சாக்லேட் காசுகள். தின்று தீர்ந்தால் மாற்றிக் கோர்த்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு வேறு வைத்திருந்தாளாம், செல்வி படித்துச் சொன்னாள்.

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ பூந்திக்கொட்டை போட்டுத் தேச்சுத் தேச்சு மின்ன வெக்கிற, அதாம்மா மிட்டாயின்னு நெனைக்கிறாங்க. இப்ப எல்லாம் ஆன்டிக்தான். கருப்பேறி மங்கலா இருந்தாத்தான் பரம்பரை நகைன்னு மதிப்பாங்க. ஊருக்குப் போறப்ப மாத்திடலாம்."

பரம்பரை நகை என்று எனக்கு ஒன்றும் கிடையாது. அந்த முப்பத்தாறு காசும் புழு போட்ட காசு. நானும் என் வீட்டுக்காரரும் பட்டுப்பூச்சி வளர்த்தோம். மல்பெரித் தழை பறித்துப் போட்டு, வேளை தவறாமல் புழுவுக்குச் சோறு காட்டி, எங்கள் சோற்றை மறந்த நாளெல்லாம் உண்டு. கூடு நன்றாக வந்து விலை போனால் ஆசாரியிடம் போய் ஒரு காசு அடித்து வருவோம். புழு செத்த வருசத்தில் காசு கிடையாது. ஆசாரிக்குக் கடைசியில் கண் மங்கிப்போனதால் பிந்தி அடித்த சில காசுகளில் லட்சுமிக்கு மூக்கு இருக்காது. எந்தக் காசு எந்த வருசத்துது என்று தடவியே சொல்லிவிடுவேன்.

போன வைகாசியில் நாத்தனார் மாதம்மாவின் பேத்தி கல்யாணத்துக்கு ஊர் போனோம். கல்யாணத்துக்கு முந்தின வாரமே செல்வி என்னைத் தர்மபுரியில் ஒரு ஏசி நகைக்கடைக்குக் கூட்டிப்போனாள். மேனேஜர் மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆயா, பழசுல அழுக்கு இருக்குதுங்க. உருக்கிச் சுத்தம் பண்ணி, புதுசா அடிச்சு, மேல கருப்பு குடுத்துருவோம். நூறு வருசத்து நகையாட்டம் ஆயிடும்ங்க."

என் அழுக்கை எடுத்துவிட்டு அவர் அழுக்கை ஏற்ற எனக்கே கூலியா என்று கேட்கத் தோன்றியது. நாலு பேர் எதிரில் எனக்கு நாக்கு எழும்பாது. நூலை அறுத்து, கண்ணெதிரிலேயே உருக்கினார்கள். உருக்குகிற மூசைக் கிண்ணம் சின்னது, பாதிக் காசுதான் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் பதினெட்டு லட்சுமியும் ஒரே களியுருண்டை. மீதியை அள்ளக் கடை ஆள் கை நீட்டினபோது, நான் முந்திக்கொண்டு அள்ளி மடியில் கட்டி, "பாத்ரூம் எங்கங்க?" என்றேன்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

முதலில் செல்வி தட்டினாள். "அம்மா, வெளிய வா. எல்லாரும் பாக்கிறாங்க."

"அதனாலதான் உள்ள இருக்கேன்."

அப்புறம் மேனேஜர் ஓடிவந்தார். "ஆயா, ஃபிளஷ்ஷ மட்டும் அமுக்கிடாதீங்க! காசு உள்ள போச்சுன்னா தொட்டிய ஒடைக்கணும்ங்க!"

கதவு நடுவில் இருந்ததாலோ என்னவோ எனக்கு வாய் வந்துவிட்டது. "உருக்கினது போகட்டும்ங்க. இந்தப் பதினெட்ட யாரும் தொடக்கூடாது."

"பாதி மாலைய வெச்சிக்கிட்டு என்னங்க பண்ணுவீங்க?"

"பாதி உங்களுது, பாதி என்னுது. ஒண்ணாக் கோத்துக் குடுங்க."

"அப்படி ஒரு டிசைனே கெடையாதுங்க ஆயா!"

"இப்ப இருக்குது."

கடைசியில் மேனேஜர் கடை மேல் சத்தியம் பண்ணினார். திறந்தேன்.

சொன்னபடிதான் கோர்த்துக் கொடுத்தார்கள். வலது பக்கம் என் பதினெட்டு, இடது பக்கம் கருப்படித்த அவர்கள் பதினெட்டு. புதுசை லைட் வெயிட்டாக அடித்ததில் மிஞ்சின தங்கத்தைச் செல்வி மயிரிழை மாதிரி ஒரு செயினாக்கிக்கொண்டாள். அவள் ஆபீசில் அது யார் கண்ணையும் உறுத்தாதாம்.

கல்யாணத்தில் மாதம்மா வந்ததும் வராததுமாக மாலையைப் பிடித்தாள். கருத்த பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அந்தக் காலத்து வேல அந்தக் காலத்து வேலதான் அண்ணி!" பிறகு என் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தாள். "இதை எதுக்குப் புதுசா வாங்கிச் சேத்தீங்க? லட்சுமிக்கு மூக்கே இல்ல பாருங்க. வெளிநாட்டுல உங்கள நல்லா ஏமாத்திப்புட்டாங்க." சுற்றி நின்ற பொம்பளைகள் எல்லாரும் பாவம் பார்த்தார்கள். அங்கே நடுவில் கதவு இல்லை. சிரித்து வைத்தேன்.

மறுபடி இங்கே வந்துவிட்டேன். புதுக் காசு உள்ளே பொள்ளல், பழசு கெட்டி. அதனால் மாலை நிலையாக நிற்பதில்லை. நடக்க நடக்கப் பழைய பக்கம் சரிந்து நெஞ்சுக்கு இறங்குகிறது, கருத்த பக்கம் ஏறிப் பிடரிக்குப் போய்விடுகிறது. பஸ்ஸில் கூச்சத்தை விட்டு ஸ்வெட்டருக்குள் கையை விட்டு நடுவுக்கு இழுத்துவிடுகிறேன். ரெண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் திரும்பவும் சரிகிறது.

கல்யாணம் வைகாசிதானா, இல்லை ஆனி பிறந்துவிட்டதா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. பாப்பாரப்பட்டிப் பக்கம் போகிறவர்கள் யாராவது மாதம்மாவைக் கேட்டுத் திருத்திவிடுங்கள். எந்தப் பக்கம் பழசு என்று மட்டும் அவளைக் கேட்காதீர்கள்.