இமை திறந்தபடி தூங்கியவள்

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். நானும் என் மனைவியும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குக் காலை ஷிப்ட். மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவேன்.

என் மனைவிக்குப் பிறவியிலேயே இடது கண்ணின் மேல் இமை பாதி இறங்கியிருக்கும். பார்வையில் குறை இல்லை, பார்ப்பவர்களுக்குத்தான் தூங்கி வழிவது போலத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது வலது பக்கம் தெரியும்படி உட்கார வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு விஷயம் தெரிந்தும் நான் சண்டை போடவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது வசதியாகவே இருந்தது. மற்றபடி அவள் நல்ல அழகி. அந்த இமை மட்டும் இறங்கியிராவிட்டால் எங்கள் லைன் வீடுகளின் வாலிபர்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

என் நிம்மதியில் மண்ணைப் போட்டவர் பக்கத்து லைனில் இருந்த டிரஸ்ஸர். ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டுப்போடுகிற வேலை. வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, இன்னும் கல்யாணம் ஆகாதவர்.

"அக்கா, இத ஆபரேசன் பண்ணித் தூக்கிடலாம். புதுசா வந்த தொரை டாக்டரு நல்லாச் செய்றாரு" என்று குழாயடியில் அவளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கிள்ளானில் அவள் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அங்கே எல்லோருக்கும் முன்னால் முகத்தை மறைக்காமல் நிற்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது பயந்தேபோனேன். இமை கத்தரிக்காய் போல ஊதியிருந்தது. நீலம் கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. "எல்லாருக்கும் இப்படித்தாண்ணே இருக்கும். தானா வத்திடும்" என்றார் டிரஸ்ஸர். குனியக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது, தலையணையை உயர்த்தி வைத்து மல்லாந்துதான் படுக்க வேண்டும், ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்ற வேண்டும், தையல் எவ்வளவு அரித்தாலும் கை வைக்கக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. சமையல் என் தலையில் விழுந்தது. தினம் நெத்திலியைக் கருக்கிக்கொண்டிருந்தேன்.

டிரஸ்ஸர் வேலை முடிந்து போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போவார். ஒற்றை விரலால் அவள் மோவாயை நிமிர்த்துவார். எனக்கு வயிறு எரியும். சிரிக்கக் கூடாது என்று சொன்ன அதே ஆள் வார்டில் நடந்ததைச் சொல்லி அவளைச் சிரிக்க வைப்பார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். என்னிடம் ஒருநாளாவது அப்படிச் சிரித்திருப்பாளா? அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா?

வீக்கம் வற்ற வற்ற அவள் அழகு கூடியது, என் எரிச்சலும் கூடியது. சாப்பிட்டு அவள் கண் அசந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். தூக்கத்தில் சிரிக்கிறாளா, யார் பெயரையாவது முணுமுணுக்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு மதியம் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. வலது கண் மூடியிருக்கிறது. இடது கண் மூடவில்லை. இமைக்குக் கீழே வெள்ளை விழி தெரிகிறது. தூங்குவது போல நடித்து என்னை வேவு பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். அசையவில்லை, லேசாகக் குறட்டை விட்டாள். குனிந்து பார்த்தால் விழி ஈரமே இல்லாமல் சிவந்து கிடந்தது.

ரோஷம் பார்க்க நேரமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி அந்த டிரஸ்ஸரிடமே சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நல்ல வேள பாத்தீங்கண்ணே. நான் வர்றப்ப அவங்க முழிச்சிட்டிருக்காங்க, எனக்கு எப்படித் தெரியும்? தூக்கிக் கட்டுன இமை கொஞ்ச நாளைக்குத் தூக்கத்துல சரியா மூடாது. இப்படியே காஞ்சு புண்ணாயிட்டா பார்வையே போயிடும் லா!"

அன்றே டாக்டரிடம் காட்டினோம். விழியில் புண் இன்னும் விழவில்லை. தூங்குமுன் கண்ணில் களிம்பு தடவி, மேலே துணி வைத்து ஒட்டச் சொன்னார். டிரஸ்ஸரே எனக்குச் செய்து காட்டினார். பிறகு அவரை எதிர்பார்க்காமல் நானே செய்தேன்.

கிள்ளான் கல்யாணத்தில் அவள் தங்கையின் பக்கத்தில் நேராக நிமிர்ந்து நின்றாள். நான் அவள் கண்ணைக் காப்பாற்றிய கதையை டிரஸ்ஸர் ஏற்கெனவே ஊரெல்லாம் பரப்பியிருந்தார். எல்லோரும் என்னைப் புகழப் புகழ எனக்குக் கூச்சமாகிவிட்டது. திரும்பும்போது ரயிலில் அவள் மெல்லக் கேட்டாள்.

"நான் கண் அசர்றப்ப தினம் ஸ்டூலு இழுக்குற சத்தம் கேக்கும். நீங்க எதுக்கு என் மூஞ்சிகிட்டயே உக்காந்திருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தே?"

"பாக்கட்டும்னுதான். கல்யாணமானதுலேருந்து நீங்க என் மூஞ்சிய நேராப் பாத்ததே இல்லீங்களே. எப்பவும் வலது பக்கமாத்தானே வந்து உக்காருவீங்க."

அவள் சொல்லும் வரை எனக்கே அது தெரியாது. இப்போதும் யாராவது அவளைச் சிரிக்க வைத்தால் என் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அப்போதெல்லாம் நான் அந்த ஆளைப் பார்ப்பதில்லை, அவள் முகத்தைத்தான் நேராகப் பார்க்கிறேன்.