செமோர் பெண்ணுக்கு ஒரு தமிழ் டாக்டர்

இரண்டு பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்ப்பது இருக்கிறதே, அது திட்டு வாங்குவதற்கென்றே கண்டுபிடித்த உத்தியோகம். டாக்டருக்குப் புரியாவிட்டால் நம் தப்பு. நோயாளிக்குப் புரியாவிட்டாலும் நம் தப்பு. இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டால் நீ எதற்கு இங்கே நிற்கிறாய் என்பார்கள். ஆபீஸ், கோர்ட், பள்ளிக்கூடம் என்று எங்கேயாவது "கொஞ்சம் தமிழ்ல சொல்லும்மா" என்று இழுத்து நிறுத்தப்பட்டவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போப் பக்கம் ஒரு மனநல கிளினிக்கில் நான் அட்டெண்டன்ட். ஃபைல் எடுக்க வேண்டும், வரிசையில் முண்டுகிறவர்களை அதட்ட வேண்டும், டாக்டருக்குக் கோப்பி கலக்க வேண்டும். அங்கே தமிழ் பேசுகிற ஒரே ஆள் நான் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, என்று எல்லாரிடமும் அளந்து வைத்திருந்தேன். உண்மையில் அவர் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து ஆட்களுக்கு ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்துப் பலகை வீட்டில். ஏன் மறைத்தாய் என்று கேட்காதீர்கள். டவுனில் வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஆமாங்க

பார்வதிக்குப் பதினாலு வயது. செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அவள் அப்பா கருப்பையா பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் ஐந்து மாதமாக வீட்டிலும் பேசுவதில்லை, வகுப்பிலும் பேசுவதில்லை, அதட்டிக் கேட்டால் ஒரு வார்த்தைக்கு மேல் வருவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தை எது என்று கடிதத்தில் இல்லை. அதை நாங்களே கண்டுபிடித்தோம்.

டாக்டர் கோ நல்ல மனிதர். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தால் நல்ல மனிதருக்கும் பத்து நிமிஷம்தான். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியும் டையுமாக உட்கார்ந்து கேட்டார். தூக்கம் வருகிறதா? "ஆமாங்க." தூக்கம் வருவதில்லையா? "ஆமாங்க." அழுகை வருமா? செத்துப்போகலாம் போல இருக்குமா? பறக்க முடியும் என்று தோன்றுமா? "ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க." நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அப்பாவும் அதே மாதிரி.

தோட்டத்தில் மேசைக்குப் பின்னால் பேண்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் தொரை. தொரை எதைக் கேட்டாலும் ஆமாங்க சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னவன் பெயர் மறுநாள் வேலைப் பட்டியலில் இருக்காது. தோட்டத்துப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்தே பழகிவிடும். எனக்கா தெரியாது? ஆனால் ரயில்வே கிராணி மகளுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? வாயைப் பொத்திக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். டாக்டர் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுக்கிற நோயாளியை நான் பார்த்ததே இல்லை, புஷ்பம்."

குரல் கேட்குமா?

அடுத்த முறை வந்தபோது ஒரே ஒரு கேள்விக்குத் தலையை நிமிர்த்தினாள். "கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் உன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுமா?" என்று டாக்டர் கேட்டார், நானும் அப்படியே கேட்டேன். "கேக்கும். தெனமும் பேசுவாங்க" என்றாள். டாக்டர் பேனாவை இறுக்கிப் பிடித்தார். என்ன பேசுவார்கள் என்றதும் மறுபடி குனிந்து "ஆமாங்க."

லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைதான். அதுவும் கூரைவரை எட்டாது. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்முவோம். கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் நம்மைப் பற்றிப் பேசுவது காதில் விழாத வீடு எங்கள் லயத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அதை இரண்டு வரியில் டாக்டருக்குச் சொல்லியிருக்கலாம். "கேட்டதை மட்டும் சொல், விளக்கம் வைக்காதே" என்று தலைமை நர்ஸான பெரிய மிஸ்ஸியிடம் போன மாதம்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. நிஜக் காரணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

டாக்டர் எழுதிவிட்டார்: குரல்கள் கேட்கின்றன, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். அது ஆட்கள் வருஷக்கணக்கில் தங்குகிற இடம். அங்கே போய் வந்தவள் என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் போதும், பதினாலு வயதுப் பெண்ணுக்குப் படிப்பும் போச்சு, கல்யாணமும் போச்சு, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடவும் ஆள் இருக்காது. வராந்தாவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னதும் கருப்பையா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "காது நல்லா கேக்குதுன்னுதான மிஸ்ஸி புள்ள சொல்லுச்சு, அதுக்கா கொண்டுபோயி உள்ள வைக்கிறாங்க?"

விபூதி வைத்த டாக்டர்

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு தமிழ் டாக்டர் பார்க்கட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்" என்று டாக்டர் கோவிடம் கெஞ்சினேன். நியாயம்தான் என்று ஒரு மாதம் ஃபைலைத் தள்ளி வைத்தார்.

கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு பெரிய டாக்டர் வருவார். பெயர் சிவஞானசுந்தரம். நெற்றியில் மெல்லிசாக விபூதிக் கீற்று வேறு. பார்த்ததுமே கருப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சாமி மாதிரி வந்தீங்கய்யா என்று கும்பிட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "இவர் என்ன சொல்கிறார்?" என்று இங்கிலீஷில் கேட்டார். தலையெழுத்து! தமிழ் டாக்டருக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். அதே கேள்விகள், அதே ஆமாங்க. நோயாளி சரியாகப் பதில் சொல்வதில்லை என்று எழுதி ஃபைலை மூடினார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்: "எங்கள் வீட்டில் தோட்டக்காரனிடம் மட்டும்தான் தமிழ் பேசுவோம், அவனும் போன வருஷம் நின்றுவிட்டான்."

சொந்த ஊர் எது?

அடுத்து, வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கான்ட்ராக்டில் வந்திருந்த ஒரு மெட்ராஸ் டாக்டர், ராகவன் என்று பெயர். அப்பாடா, இவருக்குத் தமிழ் அருவியாகக் கொட்டியது. எனக்கு வேலையே இல்லை, சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். கருப்பையாவை உட்காரச் சொல்லி, "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பித்தார். "செமோருங்க." "அது இல்லை, பூர்வீகம் எந்த ஜில்லா?" "தோட்டத்துல நாலாம் நம்பர் டிவிசனுங்க." டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போனார். பெண் பெரியவளாகி எவ்வளவு நாளாச்சு? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? நீங்கள் சொந்தத்தில் கட்டினவரா? உங்கள் பரம்பரையில் யாருக்காவது சித்தம் கலங்கினது உண்டா?

கேட்கக் கேட்கக் கருப்பையாவின் முகமே மாறிவிட்டது. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார், நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க பரம்பரையில அப்படி ஒருத்தரும் கெடையாதுங்க" என்றார் கம்பீரமாக. பெண்ணின் அம்மா? "காலராவுல தவறிருச்சுங்க." தாயை இழந்த துயரம் என்று டாக்டர் எழுதினார். நான் திடுக்கிட்டுப் போனேன். கமுந்திங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போன பெண்சாதி திரும்பி வரவேயில்லை என்று இதே வாயால்தான் முந்தின வாரம் என்னிடம் சொல்லி அழுதார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன், டாக்டரிடம் போய் இப்படியா புளுகுவது என்று. அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா நல்லவராத்தான் தெரியுறாரு மிஸ்ஸி, ஆனா எம்பொண்ணுக்கு இன்னும் கல்யாண வயசு வல்லன்னு பதமா சொல்லிப்புடுங்க."

சடை பின்னிய மிஸ் லிம்

இப்படியாக மூன்று டாக்டர், மூன்று வியாதி. கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றியது. அந்த வாரம்தான் மிஸ் லிம் மாற்றலாகி வந்தாள். சீனப் பெண், ஸ்டாஃப் நர்ஸ், சரியான வாயாடி, எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு லா போடுவாள். அவள் அப்பா ஒரு தோட்டத்து முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்தவராம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பார்வதியைப் பார்த்துவிட்டு நேராகப் போய் நின்றாள். "ஏ புள்ள, யாரு ஒனக்குச் சடை போட்டது? ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ தொங்குது. அசிங்கமா இருக்கு லா. இங்கிட்டு வந்து குந்து!"

பார்வதி குந்தினாள். லிம் சடையை அவிழ்த்துச் சீப்பைப் போட்டு இழுத்துக்கொண்டே கடைக் கதை, கருவாட்டுக் கதை, அவள் அப்பாவிடம் அடி வாங்கிய கதை எல்லாம் சொன்னாள். நானெல்லாம் எத்தனையோ வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த தோட்டத்துத் தமிழை அந்தச் சீனச்சி வராந்தா முழுக்கக் கேட்கும்படி பேசினாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கால் மணி நேரத்தில் பெண் விசும்பினாள். அப்புறம் பேசினாள். அம்மா போனதிலிருந்து பக்கத்து வீட்டு மாரியாயி சோறாக்கும்போதெல்லாம் புருஷனிடம் சொல்வாளாம், ஆத்தா ஓடுன மாதிரி இவளும் ஒருநாள் ஓடிருவா பாரு என்று. இவள் வீட்டுக்குள் எது பேசினாலும் மறுநாள் காலையில் தோட்டம் முழுக்கப் பரவியிருக்கும். பேசினால்தானே கேட்கும் என்று பேச்சையே நிறுத்திவிட்டாள். பழகிப் போய்ப் பள்ளிக்கூடத்திலும் வாய் வரவில்லை.

லிம் ஓடிப்போய் டாக்டர் கோவிடம் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, அக்கம்பக்கத்தார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நம்புவதுதான் இந்த நோயின் லட்சணமே என்றார். ஒவ்வொரு வார்த்தையும் பலகை வழியாகக் கேட்கும் என்கிறாயே, நீ அந்த வீட்டில் இருந்திருக்கிறாயா என்றும் கேட்டாராம். லிம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "நான் கடைவீட்டுல வளந்தவ, கல்லுச் சொவரு. லயத்துல படுத்து எந்திரிச்ச ஆளு வந்து சொன்னாத்தான் நம்புவாராம், அப்படி ஆளுக்கு நான் எங்க போறது, ரொம்ப சூசா லா, ரொம்பக் கஷ்டம்!"

சனிக்கிழமை விருந்தாளி

மறுநாள் காலையில் கோப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றேன். "டாக்டர், நான் லயத்தில் பிறந்தவள்." உன் அப்பா ரயில்வேயில் அல்லவா என்றார். "பொய்" என்றேன். பிறகு பலகையைப் பற்றி, தொரையைப் பற்றி, ஆமாங்கவைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சனிக்கிழமை எனக்கு அந்த வீட்டைக் காட்டு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் காரில் போனோம். கருப்பையா வீட்டுப் பெஞ்சில் டாக்டர் உட்கார்ந்து, யாரும் பேசக்கூடாது என்று உதட்டில் விரலை வைத்தார். அந்தப் பக்கம் சட்டி உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு மாரியாயியின் குரல் கணீரென்று வந்தது. "மொட்டத்தல டாக்டரு ஒருத்தன் கார்ல வந்து எறங்கிருக்கான். மூஞ்சப் பாத்தா அவனுக்கே கிறுக்கு புடிச்ச மாதிரி இருக்கு." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன், மொட்டையையும் விடவில்லை. என் உத்தியோகத்தில் ரசித்துச் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான். டாக்டர் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "திங்கட்கிழமை என் பேரிலும் ஒரு ஃபைல் திற, புஷ்பம், எனக்கும் குரல் கேட்கிறது."

பார்வதியின் சந்தேகம்

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய தாளை டாக்டர் என் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டார். தோட்டத்து மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதி, அப்பனுக்கும் பெண்ணுக்கும் லயத்தின் கோடியில் தனியாகக் கிடந்த வீட்டை வாங்கிக் கொடுத்தார். மிஸ் லிம் மூன்று மாதம் வாராவாரம் சடை பின்னினாள், ஃபைலில் அதற்கு வேறு ஏதோ பெயர் எழுதினார்கள். பார்வதி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். என் விஷயமும் பரவி, கிளினிக்கில் எல்லார் வாயிலும் நான் மட்டும் ஒரே வாரத்தில் ரயில்வேயிலிருந்து எஸ்டேட்டுக்கு மாற்றலாகிவிட்டேன். கேன்டீனில் ஒன்றிரண்டு பேர் மேசை மாறி உட்கார்ந்தார்கள், உட்காரட்டும்.

கடைசித் தடவை வந்தபோது பார்வதி என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்களும் லயத்துலதான் பொறந்தீங்களாமே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப மொத நாளே ஒங்களுக்குத் தெரியும்." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. கேட்டதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி, பெரிய மிஸ்ஸி அப்படி, டாக்டர் இப்படி என்று ஏதேதோ உளறினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "நான் பக்கத்து வீட்டுக்குப் பயந்து பேசல, நீங்க யாருக்குக்கா பயந்தீங்க?"

பதினோரு வருஷம் அந்தக் கிளினிக்கில் எத்தனையோ டாக்டர்களின் கேள்விகளை மொழிபெயர்த்திருக்கிறேன், சரியான நோயாளியைப் பார்த்துச் சரியான கேள்வி கேட்ட ஒரே டாக்டர் அந்தப் பதினாலு வயதுப் பெண்தான்.