ஜப்பானிலிருந்து வந்த கல்யாண வாழ்த்து

மாப்பிள்ளையே பார்க்காத வீட்டுக்குக் கல்யாண வாழ்த்து வந்தது. அதுவும் ஜப்பானிலிருந்து.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் உள்ள தன் தையல் கடையில் வஹீதா ஒரு பட்டு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே முக்காலியில் இருந்த தங்கை சம்ரீன் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னடி ஆச்சு?”

“அந்தக் கம்பெனிலேருந்து மெயில் வந்திருக்குக்கா. கல்யாண வாழ்த்து.”

“யாருக்குக் கல்யாணம்?”

“எனக்குத்தானாம். பயிற்சிக்கு வர முடியாம போனதுல அவங்களுக்கு வருத்தமாம். புது வாழ்க்கை நல்லா அமையணும்னு எழுதியிருக்காங்க.”

ரவிக்கைக்காகக் காத்திருந்த சித்திரை வீதி மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏண்டி வஹீதா, தங்கைக்குக் கல்யாணமா? எங்கிட்ட மூச்சு விடலையே!”

“எங்களுக்கே இப்பத்தான் மாமி தெரியுது” என்றாள் வஹீதா. ஊசி விரலில் ஏறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அத்தா ஷேக் தாவூது மௌத்தாகி, அப்பா இல்லாத வீடானபோது வஹீதா பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. சம்ரீன் படித்தாள். பி.காம். முடித்ததும், சமயபுரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. சேர்ந்தாள். அந்தப் படிப்போடு ஜப்பானிய மொழியும் சொல்லிக்கொடுத்தார்கள். மொழியில் தேறி, நேர்காணலிலும் தேறினால், ஜப்பானிலேயே ஒரு கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி. அந்த ஆறு மாதத்துக்காகத்தான் சம்ரீன் அந்தக் கல்லூரியையே தேர்ந்தெடுத்தாள்.

அவள் படித்த விதத்தைப் பாலக்கரையில் அவர்கள் தெருவே அறியும். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே ஜப்பானியத்தில் பேசிக்கொண்டு வருவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போவார்கள். கடையில் தையல் மெஷின், கத்தரி, இஸ்திரிப் பெட்டி, கண்ணாடி என்று எல்லாவற்றிலும் அதன் அதன் ஜப்பானியப் பெயரை எழுதி ஒட்டினாள். வஹீதாவுக்கு அந்த எழுத்துகள் புரியாது. ஆனால் கோணலாக ஒரு கோடு இருந்தால் அவள் கண் பொறுக்காது. “இந்தக் கால் வளைஞ்சிருக்கு பாரு, பிச்சுட்டு மறுபடி எழுது” என்பாள். சம்ரீனும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதுவாள். சென்னைக்குப் போய் மொழித் தேர்வு எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கித் தேறினாள். கம்பெனிக்காரர்கள் ஆன்லைனில் நடத்திய நேர்காணலில் கல்லூரியிலிருந்து தேர்வானது இவள் ஒருத்திதான். தனக்கு அடுத்த இடத்தில் இருப்பது வகுப்புத் தோழி ஜாஸ்லின் என்று சம்ரீனே வீட்டில் வந்து சொன்னாள்.

அது நோன்புப் பெருநாள் சமயம். மறுபடி கல்லூரி திறந்த அன்று வஹீதா தங்கையைப் பெருநாள் உடுப்பிலேயே அனுப்பினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. ஸ்ரீரங்கத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய லட்டும் பாதுஷாவும் ஒரு பெட்டி. “எல்லா சாருக்கும் உன் கையாலேயே கொடு. அவங்கதானே உன்னைத் தேற வச்சாங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

வேலைவாய்ப்பு அதிகாரி செந்தமிழன் இரண்டு லட்டு எடுத்துக்கொண்டார். மருதாணியைப் பார்த்தார், புது உடுப்பைப் பார்த்தார், சிரித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே, இவளுக்குக் கல்யாணம், இவளுக்குப் பதில் ஜாஸ்லின் வருவாள் என்று அன்று சாயங்காலம் ஜப்பானுக்கு எழுதிவிட்டார்.

இதெல்லாம் அக்காவுக்கும் தங்கைக்கும் தெரிந்தது, வாழ்த்து வந்த மறுநாள் அந்த அதிகாரியின் அறையில் போய் உட்கார்ந்த பிறகுதான். வஹீதா அன்று கடையைத் திறக்கவில்லை. திருவானைக்கோவில் வந்து, பஸ் மாறி, தங்கையோடு கல்லூரிக்குப் போனாள்.

“எம் பொண்ணுக்கு நிச்சயம் ஆனப்பகூட இப்படித்தாம்மா, மருதாணி வச்சுக்கிட்டு ஸ்வீட்டோட ஆபீஸ்ல சுத்தி வந்தா” என்றார் செந்தமிழன். “போன பேட்ச்ல ரெண்டு பொண்ணுங்க கடைசி நேரத்துல கல்யாணம்னு நின்னுடுச்சுங்க. கம்பெனிக்கு என்னால பதில் சொல்ல முடியல. அதான் இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிடலாம்னு…”

“அது பெருநாளைக்கு வச்ச மருதாணி சார். தீபாவளிக்கு நீங்க புதுச்சட்டை போட்டுக்கிட்டு வந்தா உங்களை யாராச்சும் மாப்பிள்ளைன்னு நெனச்சாங்களா?”

பக்கத்து மேஜையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

“அப்படி இல்லம்மா. உங்க ஆளுங்கள்ல கல்யாணத்தைச் சீக்கிரமே முடிச்சிருவீங்களேன்னு…”

“எனக்கு முப்பத்தி நாலு வயசு. எனக்கே இன்னும் முடிக்கல. உங்களுக்கு யாரு சொன்னா?”

“எதுக்குக் கோபப்படறீங்க? நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

“அந்தப் பொண்ணு தெனம் உங்க ரூம் வாசல் வழியாத்தானே சார் போறா? கூப்பிட்டு, ‘உனக்குக் கல்யாணமாம்மா’ன்னு கேக்கறதுக்கு என்ன? வாயைத் தொறக்கக் கூலியா?”

செந்தமிழன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். ஜாஸ்லினுக்கு இன்னும் விசா வரவில்லை. இப்போதே எழுதினால் மாற்றலாம். “ஆனா நாங்க தப்பா எழுதிட்டோம்னு சொன்னா காலேஜ் பேரு கெட்டுடும். அவங்க ரொம்பக் கறார். அதனால, நிச்சயம் நின்னு போச்சு, பொண்ணு இப்ப வரத் தயார்னு ஒரு வரி எழுதிடறேன். ஜப்பான்ல இருக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

நின்றுபோன கல்யாணம் என்ற சொல் ஒரு பெண்ணின் பெயரோடு ஒட்டினால் என்னவாகும் என்று வஹீதாவுக்குத் தெரியும். ஜப்பானுக்கு எழுதியது ஜப்பானிலேயே நிற்குமா? சித்திரை வீதி மாமி இந்நேரம் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பாளோ! ஒரு கல்யாணத்தை இவர்களாகவே கட்டிவிட்டு, இவர்களே முறித்தும் விடுவார்களாமா? மேஜையில் ஓங்கி அறைந்து “முடியாது” என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது.

ஆனால் போகவேண்டியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் பஸ்ஸில் தனியாகப் பேசிக்கொண்டு வந்தவள். இந்த வாய்ப்பு போனால் இவளுக்குத்தான் போகும். இவளைக் கேட்காமல் நானும் ஒரு முடிவு சொன்னால், எதிரே இருக்கும் இந்த மனுஷனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று வஹீதாவுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லு. உனக்கு எப்படி வேணுமோ அப்படி.”

சம்ரீன் பையிலிருந்து போனை எடுத்தாள். நிமிர்ந்தபோது குரல் நிதானமாக இருந்தது.

“எங்கிட்ட கேக்காம எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்க. இப்ப எங்கிட்ட சொல்லிட்டு நிறுத்தப் பாக்கறீங்க. ரெண்டும் நடக்கல சார். ஜாஸ்லின் இடத்தையும் பறிக்க வேணாம். அவங்க வீட்டுல பெட்டி வாங்கியாச்சு. அவ என்ன தப்பு பண்ணா? நான் உள்ளதை எழுதறேன்.”

“இரும்மா, எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட…”

அவள் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள். ஜப்பானியக் கடிதத்தில் முதலில் பருவத்தைப் பற்றி ஒரு வரி விசாரிப்பு வேண்டுமாம். அதை எழுதினாள். வாழ்த்துக்கு நன்றி எழுதினாள். தனக்குக் கல்யாணம் ஏதும் இல்லை என்றும், கல்லூரி தன்னைக் கேட்காமலே அப்படித் தெரிவித்துவிட்டது என்றும், ஜாஸ்லின் நன்றாகப் பயிற்சி பெற்றவள் என்றும், தனக்கு வேறொரு சமயம் இடம் கிடைக்குமா என்றும் எழுதினாள். ஒவ்வொரு வரியாக அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதியதால் அது செந்தமிழன் காதிலும் விழுந்தது.

“காலேஜ் பேரு வருதா?” என்றார்.

“வருது சார். உங்களுக்கும் ஒரு காப்பி வரும்.”

பதில் வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் வஹீதா தைத்ததையெல்லாம் அவளே பிரித்து மறுபடி தைத்தாள். தெருவில் யாராவது “மாப்பிள்ளை எந்த ஊரு?” என்று கேட்டால், அவளிடம் நின்று முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் நகர முடியும்.

கம்பெனியின் பதிலில் முதல் வரியே மன்னிப்பு. நேரில் விசாரிக்காமல் வாழ்த்து அனுப்பிச் சங்கடப்படுத்தியதற்கு வருந்துகிறோம் என்றிருந்தது. குளிர்காலத்தில் அவர்களுடைய இன்னொரு தொழிற்சாலையில் ஓர் இடம் இருக்கிறது, விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். வஹீதாவுக்குச் சந்தோஷத்தை விட ஆத்திரம்தான் பொங்கியது. தப்பே செய்யாதவன் கடல் தாண்டி மன்னிப்புக் கேட்கிறான். தப்பு செய்தவர் சமயபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். அவர் வாயிலிருந்து இன்று வரை அந்தச் சொல் வரவில்லை.

சம்ரீன் போனாள். அவளுக்கு இரண்டு கம்பளிச் சட்டையை அக்காவே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த சில நாட்களில் செந்தமிழன் வஹீதாவைப் போனில் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. “நம்ம சம்ரீனைப் பத்தி காலேஜ் வாசல்ல ஒரு பெரிய பேனர் வைக்கிறோம்மா. நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்பி விடுங்களேன்.”

“எங்கிட்ட எதுக்கு சார் கேக்கறீங்க? படத்துல இருக்கப்போறது அவ. அவளையே கேளுங்க” என்று சொல்லி வஹீதா போனை வைத்தாள்.

அவர் கேட்டார். சம்ரீன் வேண்டாம் என்றாள்.